சுண்ணாம்பு ரோடும் மூன்றாவது ஓலையும்

ரவுண்ட் ராக்,
டெக்சாஸ், 22 மார்ச் 1998

அன்புள்ள ஜோவானாவுக்கு,

அத்தான் எழுதுவது. நானும் ஸ்டெஃபியும் காய்ச்சல் சளி எதுவும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் எனக்கு வாய் வருவதில்லை. போன வாரம் நீ கூப்பிட்டபோது 'ம்', 'ஆமா', 'சரி' என்றதைத் தவிர நான் என்ன பேசினேன்? அதற்குள் ஸ்டெஃபி ரிசீவரைப் பிடுங்கிவிட்டாள். ஆபீஸ் இமெயிலில் தமிழ் எழுத வழியில்லை. ஆகவே பேனாவை எடுத்துவிட்டேன்.

உன் அக்கா அல்போன்சாவின் முதல் ஆண்டு நினைவுப் பூசை நல்லபடியாக முடிந்தது. எல்லோரும் வந்தார்கள், சாப்பிட்டார்கள், பாத்திரத்தைக்கூடக் கழுவி வைத்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைதான் தாங்க முடியவில்லை. மற்ற நாளுக்கு ஆபீஸ் இருக்கிறது, ஸ்டெஃபிக்கு ஸ்கூல் இருக்கிறது. அல்போன்சா இல்லாத வீட்டில் சனிக்கிழமையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அதனால் ஒரு சைக்கிள் வாங்கியிருக்கிறேன். சிரிக்காதே. பக்கத்துத் தெருவில் பழைய சாமான் விற்கும் கராஜ் சேலில் கிடைத்தது, தடித்த டயர். பின்னால் மாட்டி இழுக்க இரண்டு சக்கரத் தொட்டில் வண்டி ஒன்று. அதில் ஸ்டெஃபி. காரில் ஏற்றிக்கொண்டு லிபர்டி ஹில் பக்கம் போய், அங்கிருந்து மிதிக்கிறோம். அந்தப் பக்கம் குன்று முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. ரோட்டுக்குத் தார் கிடையாது. அதே கல்லை உடைத்துக் கொட்டி உருட்டிவிட்டிருக்கிறார்கள். வெயில் ஏறினால் கண் கூசும். ஏற்றம் முடிந்தது என்று மூச்சு விட்டால் அடுத்த ஏற்றம் நிற்கும். எதிரே வரும் பிக்கப் டிரைவர்கள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி வணக்கம் வைப்பார்கள். நானும் தூக்குகிறேன்.

வழி தவறாமல் ஒரு வாரமும் வந்ததில்லை. "ஆர் வீ லாஸ்ட், டாடி?" என்பாள் ஸ்டெஃபி. "இல்லம்மா" என்பேன். "யூ ஆல்வேஸ் சே தட்" என்பாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அத்தான்,
சாந்தகுமார்

*

பிளசன்டன்,
கலிபோர்னியா, 12 ஏப்ரல் 1998

அன்பான அத்தானுக்கு,

ஈஸ்டர் வாழ்த்து. எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் உடம்புதான் இப்போது குடும்பத்தின் பெரிய செய்தி, தெரியுமா?

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சாயங்காலப் பூசைக்குத் தலையிலிருந்து ஷூ வரை தூசி படிந்து வெள்ளையாக வந்து நின்றீர்களாம். யாரோ பார்த்து பிரிட்ஜ்வாட்டரில் இருக்கும் கிரிஸ் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் நாகர்கோவிலுக்குப் போன் போட்டிருக்கிறான். அம்மாவிடம் போய்ச் சேரும்போது அது எப்படி ஆகியிருக்கிறது என்று கேளுங்கள். "மருமகன் சாம்பலைப் பூசிக்கிட்டு, பிள்ளையை வண்டியில கெட்டி இழுத்துக்கிட்டு காட்டுல அலையுறாராம் மக்ளே" என்று என்னிடம் ஒரே அழுகை. அது சாம்பல் இல்லை, ரோட்டுத் தூசி என்று நான் சொன்னால் அம்மா நம்பவில்லை. "அமெரிக்காவுல ஏது தூசி?" என்று என்னையே மடக்கினாள்.

உண்மையைச் சொல்லுங்கள், நீங்கள் நன்றாகத்தான் இருக்கிறீர்களா? கல்யாணத்துக்கு முன்னால் புல்லட்டைத் தவிர வேறு வண்டியில் உங்களை நான் பார்த்ததே இல்லை. காரணமே இல்லாமல் ஒரு மனுஷன் கல்லு ரோட்டில் சைக்கிள் மிதிப்பானா? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதீர்கள். நான் அக்காவை நினைத்து அழுவது ஃப்ரீவேயில் கார் ஓட்டும்போது மட்டும்தான். கண்ணாடியை ஏற்றிவிட்டால் யாருக்கும் கேட்காது. நீங்கள் குன்று ஏறுவது அதற்காக என்றால் சொல்லுங்கள், அம்மாவை நான் சமாளிக்கிறேன்.

குட்டிக்கு முத்தம். பூசைக்கு முன்னால் குளியுங்கள்.

ஜோவானா

*

பிரிட்ஜ்வாட்டர்,
3 மே 1998

அன்புத் தங்கை ஜோவானாவுக்கு,

அண்ணனின் ஆசீர். இங்கே எல்லோரும் நலம். உன் நலத்துக்கு அன்றாடம் ஜெபிக்கிறோம்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். சாந்தகுமார் மச்சான் என்னிடம் வாய்விட்டுக் கேட்டுவிட்டார். "ஜோவானாவை எனக்குக் கொடுப்பீங்களா" என்று. உன்னிடம் கேட்கக் கூச்சப்படுகிறார், பாவம். நீயாக இதைப் பற்றிப் பேசி அவரைச் சங்கடப்படுத்தாதே. ஆனால் முகத்தில் அடித்தாற்போல் மறுத்தும் விடாதே. மனுஷன் ஏற்கனவே ஒரு நிலையில் இல்லை. ஸ்டெஃபியை யாரோ ஒருத்தி வந்து வளர்ப்பதை உன்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? யோசி.

கிரிஸ்

*

பிரிட்ஜ்வாட்டர்,
3 மே 1998

அன்பு மச்சான் அவர்களுக்கு,

தங்கள் நலமும் மருமகள் ஸ்டெஃபியின் நலமும் அறிய ஆவல். இங்கே எல்லோரும் நலம்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஜோவானா என்னிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். "கட்டினா அத்தானைத்தான் கட்டுவேன்" என்று. உங்களிடம் சொல்லக் கூச்சப்படுகிறாள், பாவம். நீங்களாக இதைப் பற்றிப் பேசி அவளைச் சங்கடப்படுத்த வேண்டாம். ஆனால் மனம் நோக மறுத்தும் விட வேண்டாம். அல்போன்சா போனதிலிருந்து பிள்ளை ஒரு நிலையில் இல்லை. ஸ்டெஃபியை யாரோ ஒருத்தி வந்து வளர்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். யோசியுங்கள்.

கிரிஸ்

*

ரவுண்ட் ராக்,
31 மே 1998

அன்புள்ள ஜோவானாவுக்கு,

நாங்கள் சுகம். பூசைக்கு முன்னால் குளிக்கிறேன்.

பதில் எழுதத் தாமதம் ஆகிவிட்டது. நாலைந்து முறை ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன். கிரிஸ் மச்சான் ஒரு கடிதம் போட்டிருந்தார். அதைப் பற்றி நான் உன்னிடம் எதுவும் கேட்கப் போவதில்லை. உன்னைச் சங்கடப்படுத்த எனக்கு விருப்பம் இல்லை. ஆகவே ரோட்டைப் பற்றி எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை புது வழி ஒன்று கண்டுபிடித்தேன். தீவனக் கடைக்குப் பின்னால் காரை நிறுத்திவிட்டு மேற்கே போனால், ஆட்டுப் பண்ணை தாண்டியதும் தார் ரோடு முடிந்து வெள்ளை ரோடு தொடங்கும். முதல் ஏற்றம் கொஞ்சம் மோசம். நின்று மிதித்தால் பின்சக்கரம் கல்லில் வழுக்கும், அதனால் உட்கார்ந்தே மிதிக்க வேண்டும். மேலே போனால் இரண்டு பக்கமும் ஓக் மரம், சப்பாத்திக்கள்ளி. அங்கிருந்து பார்த்தால் குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். பாறையை வெட்டிவிட்ட இடமெல்லாம் வெள்ளை. உன் அக்கா பார்த்திருந்தால் அங்கேயே பாயை விரித்திருப்பாள்.

இறக்கத்தில் ஒரு இடம் கவனம். ரோட்டுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களை இடைவெளி விட்டுப் பதித்திருப்பார்கள். மாடு அதில் கால் வைக்கப் பயந்து வேலிக்குள்ளேயே நின்றுவிடும். சைக்கிளை நேராக விட்டால் தடதடவென்று தாண்டிவிடலாம். சக்கரம் கொஞ்சம் சாய்ந்தாலும் ஆளைக் கீழே போட்டுவிடும். அதைத் தாண்டினால் பாலம் இல்லாத ஓடை, ரோட்டின் மேலேயே தண்ணீர் ஓடும். ஆழம் தெரியாமல் இறங்கக்கூடாது. நின்று பார்த்து, மெதுவாக வரலாம். அவசரம் ஒன்றும் இல்லை.

நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு நீ வந்தால் காட்டுகிறேன். வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வந்தால் ஸ்டெஃபிக்குச் சந்தோஷம். எனக்கும்தான்.

சாந்தகுமார்

*

பிளசன்டன்,
11 ஜூலை 1998

அன்புள்ள அத்தான்,

நான் நலம். நீங்களும் குட்டியும் வெயிலில் கருகாமல் இருக்கிறீர்களா?

உங்கள் கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. அண்ணன் எனக்கும் எழுதினான். என்ன எழுதினான் என்று நான் சொல்ல மாட்டேன், நீங்களும் கேட்க வேண்டாம். உங்களைச் சங்கடப்படுத்தக் கூடாதாம். சரி. ஆனால் ஒரு மனுஷன் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு மாட்டு வேலியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினால் படிக்கிறவள் என்ன நினைப்பது?

என் ஆபீசில் மானஸா என்று ஒருத்தி இருக்கிறாள், மாம்பலத்துக்காரி. லஞ்ச் நேரத்தில் அவளுக்குப் படித்துக் காட்டினேன். "ஆழம் தெரியாம இறங்கக்கூடாது, மெதுவா வரலாம், அவசரம் இல்லைன்னு எழுதியிருக்கார். இது ரோட்டைப் பத்தின லெட்டரே இல்லடி!" என்று மேஜையைத் தட்டிச் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரோட்டைப் பற்றி இல்லை என்றால் எதைப் பற்றி? ரோட்டைப் பற்றித்தான் என்றால் ஏன் எனக்கு? மண்டை காய்கிறது அத்தான்.

அக்கா இருந்திருந்தால் அவளிடம் கேட்டிருப்பேன். அவளிடம் கேட்க முடியாத ஒரே விஷயமும் இதுதான். இந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன், இருக்கட்டும்.

தேங்க்ஸ்கிவிங்குக்கு வருகிறேன். டிக்கெட் போட்டுவிட்டேன். எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும், ஆனால் ஸ்கூலோடு விட்டது. கீழே விழுந்தால் நீங்கள்தான் பொறுப்பு.

ஜோவானா

*

ரவுண்ட் ராக்,
20 செப்டம்பர் 1998

அன்புள்ள ஜோவானாவுக்கு,

கடவுள் புண்ணியத்தில் இங்கே வெயில் இறங்கியிருக்கிறது, நாங்களும் பிழைத்துக்கொண்டோம். உன் பக்கம் எப்படி?

மானஸாவிடம் சொல், அது ரோட்டைப் பற்றின கடிதம்தான். எழுதும்போது அப்படித்தான் நினைத்தேன். அவள் சொன்னதைப் படித்துவிட்டு நானே எனக்குள் கேட்டுப் பார்த்தேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

உனக்கு ஒரு சைக்கிள் ஏற்பாடு செய்திருக்கிறேன். சீட்டை எந்த உயரத்தில் வைக்க வேண்டும் என்று கடைக்காரன் கேட்டான். அல்போன்சா உயரத்தைச் சொன்னேன். சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

வருகிற நாளை ஸ்டெஃபி காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். நீ வரும்போது என்ன சமைப்பது என்று பக்கத்து வீட்டு ராஜலக்ஷ்மி ஆன்ட்டியிடம் கேட்டேன். "மச்சினி வர்றதுக்கா இவ்ளோ ஏற்பாடு?" என்றார். ஆமாம் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். இங்கே எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.

பத்திரமாக வா.

சாந்தகுமார்

*

பிளசன்டன்,
1 டிசம்பர் 1998

அன்புள்ள அத்தானுக்கு,

நல்லபடி வந்து சேர்ந்தேன். நாலு நாள் வைத்துப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி. ஸ்டெஃபி பெரிய பெண்ணாகிவிட்டாள். சமையல் நன்றாக இருந்தது. ரோடு நீங்கள் எழுதிய மாதிரியே இருந்தது. முழங்கால் காயம் பெரிது இல்லை, மருந்து போடுகிறேன்.

ஆபீசில் வேலை அதிகம். இனி அடிக்கடி எழுத முடியும் என்று தோன்றவில்லை.

உங்கள் நலம் வேண்டும்,
ஜோவானா

*

ரவுண்ட் ராக்,
17 டிசம்பர் 1998

ஜோவானாவுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து.

முழங்கால் ஆறிவிட்டதா? அன்று அந்த இரும்புக் குழாய்ப் பக்கம் நடந்ததைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். இந்தக் கார்டில் இடம் போதாது. ஸ்டெஃபி உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

சாந்தகுமார்

*

பிளசன்டன்,
19 ஜனவரி 1999

அத்தானுக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை, மன்னியுங்கள். எக்ஸ்பிரஸ் தபாலில் அனுப்புகிறேன். போனில் ஆரம்பித்தால் கத்திவிடுவேன்.

நேற்று நாகர்கோவிலிலிருந்து தனபாக்கியம் சித்தி போன் பண்ணினாள். "வாழ்த்துக்கள் மக்ளே, ரெண்டு ஓலை வாசிச்சாச்சு" என்றாள். எந்த ஓலை, யாருக்கு ஓலை என்று கேட்டேன். நம் கோயிலில், பத்தாம் தேதி ஞாயிறு பூசையில் ஒன்று, பதினேழாம் தேதி ஒன்று. 'டெக்சாஸில் இருக்கும் சாந்தகுமாருக்கும், கலிபோர்னியாவில் இருக்கும் ஜோவானாவுக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கவும்' என்று மைக்கில் வாசித்திருக்கிறார்கள்! ஊரே கேட்டிருக்கிறது. வருகிற ஞாயிறு மூன்றாவது ஓலை, அதோடு கல்யாணம் உறுதி. நோன்பிருக்கும் தபசு காலம் தொடங்குவதற்குள் ஓலையை முடித்து, ஈஸ்டர் கழிந்ததும் கல்யாணமாம். மண்டபம்கூடப் பார்த்துவிட்டார்களாம்.

அம்மாவிடம் கேட்டால், "பேப்பரெல்லாம் அமெரிக்காவுல இருந்து வருதுன்னு கோயில் உபதேசியார்ட்ட சொல்லிட்டேன். புதுச் சாமியாரு, நல்ல மனுஷன், ஒண்ணும் கேக்கல" என்கிறாள், ஏதோ ரேஷன் கடையில் சர்க்கரை வாங்கி வந்த மாதிரி. "நீயும் அவரும் சம்மதம்னு கிரிஸ் சொன்னானே!" என்கிறாள்.

அண்ணனைக் கூப்பிட்டேன். முதலில் மழுப்பினான். அழுத்திக் கேட்ட பிறகு, "ரெண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டீங்க, யாராவது ஒருத்தர் ஆரம்பிச்சு வைக்கணும்ல" என்கிறான். நீங்கள்தான் என்னைக் கேட்டதாக மே மாதம் எனக்கு எழுதியிருந்தான். அதை நம்பித்தான் உங்கள் மாட்டு வேலியை அத்தனை தரம் படித்தேன். அதை நம்பித்தான் டெக்சாஸ் வந்தேன். உங்களுக்கு என்ன எழுதினான்? நானே உங்களைக் கட்டிக்கொள்ளத் துடிப்பதாகவா?

எதற்காவது கையெழுத்துப் போட்டீர்களா? ஓலை வாசிப்பது உங்களுக்குத் தெரியுமா? நீங்கள் என்னைக் கேட்டீர்களா, கேட்கவில்லையா? இனிமேலாவது ரோடு, குன்று என்று எழுதாமல் நேராகச் சொல்லுங்கள். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை.

ஜோவானா

*

ரவுண்ட் ராக்,
24 ஜனவரி 1999

அன்புள்ள ஜோவானாவுக்கு,

உனக்குத் தூக்கம் இருக்காது என்று தெரியும். எனக்கும் இல்லை. ஸ்டெஃபி மட்டும் நலம்.

நேராகச் சொல்கிறேன். நான் கிரிஸிடம் உன்னைக் கேட்கவில்லை. எதிலும் கையெழுத்துப் போடவில்லை. ஓலை பற்றி உன் கடிதம் வந்துதான் தெரியும். நீதான் "கட்டினா அத்தானைத்தான்" என்று சொன்னதாக எனக்கு எழுதியிருந்தார். அதுவும் மே மாதக் கடிதம்தான். நம் இருவருக்கும் ஒரே கடிதத்தில் பேரை மட்டும் மாற்றிப் போட்டிருக்கிறார் போல. முதலில் கோபம் வந்தது. அப்புறம் அவரும் தங்கையைப் புதைத்துவிட்டு வந்தவர்தானே என்று தோன்றியது. பிறகு திரும்பக் கோபம் வந்தது.

உன் கடிதம் கிடைத்த அன்றே பங்குச் சாமியாருக்குப் போன் போட்டேன். "தடை இருந்தா எழுத்துல குடுங்க தம்பி, வாயால சொன்னா செல்லாது" என்றார். கோயிலுக்கு எதிரே எஸ்.டி.டி. பூத்தில் ஃபேக்ஸ் இருக்கிறது என்று நம்பரும் கொடுத்தார். ஆபீஸ் ஃபேக்ஸிலிருந்து அனுப்பினேன். எழுதியது இவ்வளவுதான்:

'மதிப்புக்குரிய சாமிக்கு, இரண்டு ஞாயிறுகளில் ஓலை வாசிக்கப்பட்ட திருமணத்துக்குத் தடை ஒன்று உண்டு. மணப்பெண்ணை இதுவரை யாரும் கேட்கவில்லை. ஆகவே மூன்றாவது ஓலையை நிறுத்திவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, மணமகன்.'

சாமியார் திரும்பக் கூப்பிட்டார். "மாப்பிள்ளையே தடை சொல்லி நான் பாத்ததில்லை" என்றார். இன்று பூசையில் மூன்றாவது ஓலை வாசிக்கவில்லை. உன் அம்மா மானம் போய்விட்டது என்று அழுதிருப்பார்கள். அந்தப் பழி என் மேலேயே இருக்கட்டும்.

இன்னொன்று. நவம்பரில் நடந்ததை நீ எழுதவில்லை, நானும் எழுதவில்லை. அந்த இறக்கத்தில் நீ முன்னால் போய்க்கொண்டிருந்தாய். தலையில் அல்போன்சாவின் துண்டைக் கட்டியிருந்தாய், முதுகு மட்டும் தெரிந்தது. இரும்புக் குழாய் வருகிறதே என்று நான் பின்னால் இருந்து கத்தினேன். "அல்போன்சா, நேரா விடு!" நீ திரும்பிப் பார்த்தாய். சக்கரம் சாய்ந்தது. விழுந்தாய். என் வாயில் அந்தப் பேர் வராமல் இருந்திருந்தால் நீ விழுந்திருக்க மாட்டாய். காயத்தைத் துடைக்கும்போது நீ என் முகத்தையே பார்க்கவில்லை. அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எந்த வார்த்தையில் கேட்பது என்று தெரியவில்லை.

இப்போது கேட்கிறேன், யாருடைய ஏற்பாடும் இல்லாமல். உனக்கு என்ன வேண்டும்? என் பக்கத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ இருந்த நாலு நாளும் வீட்டுக்குள் நுழைய எனக்குப் பிடித்திருந்தது. அது உன்னாலா, உன்னில் தெரிகிற உன் அக்காவாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிரிக்கத் தெரியாதவன் பெண் கேட்கலாமா என்றும் தெரியவில்லை. நீ வேண்டாம் என்றால் உன் அத்தானாகவே இருப்பேன், அதில் எந்தக் குறையும் வராது.

சாந்தகுமார்

*

பிளசன்டன்,
9 பிப்ரவரி 1999

அன்புள்ள அத்தான்,

நான் நன்றாக இருக்கிறேன். இந்த முறை சும்மா எழுதவில்லை, நிஜமாகவே நன்றாக இருக்கிறேன்.

உங்கள் ஃபேக்ஸ் நாகர்கோவிலில் பெரிய பேச்சாகிவிட்டது. பூத்துக்காரன் படித்துவிட்டுத்தான் சாமியாரிடம் கொடுத்திருக்கிறான். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அப்புறம் கூப்பிட்டு, "சரி, இப்போ நான் கேக்கேன். உனக்குச் சம்மதமா மக்ளே?" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அம்மாவிடம் பதில் சொல்லவில்லை. நீங்கள் முந்திக் கேட்டுவிட்டீர்கள், உங்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். அண்ணனோடு இன்னும் பேசவில்லை. பேசுவேன், கொஞ்ச நாள் தவிக்கட்டும்.

நவம்பர் பற்றி. நான் உங்கள் முகத்தைப் பார்க்காததற்கு நீங்கள் நினைக்கிற காரணம் இல்லை. வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாரே என்று நான் திரும்பவில்லை அத்தான். அந்தப் பேர் காதில் விழுந்ததும், அக்கா பின்னால் வருகிறாள் என்றுதான் திரும்பினேன். ஒரு நொடி முழுக்க நம்பினேன். திரும்பினால் வெள்ளை ரோடும் நீங்களும்தான் இருந்தீர்கள். அவள் இல்லை. விழுந்தது அப்புறம்தான். கீழே கிடந்தபோது எனக்கு முழங்கால் வலிக்கவே இல்லை. உங்கள் முகத்தைப் பார்த்தால் அங்கேயே கதறிவிடுவேன், தொட்டில் வண்டியில் குட்டி உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்காவையும் உங்களையும் பிரிக்கத் தெரியாமல் நிற்பது நீங்கள் மட்டும் இல்லை.

இங்கே திரும்பி வந்த பிறகு வேறு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. நான் அந்த வீட்டுக்கு வந்தால் அக்காவின் துண்டு, அக்காவின் சீட் உயரம், அக்காவின் பேர் எல்லாம் என் மேல் வந்து உட்கார்ந்துவிடும், கடைசியில் ஜோவானா என்று ஒருத்தி இருந்ததே எல்லோருக்கும் மறந்துபோகும் என்று. அதனால்தான் அந்தக் காய்ந்த நன்றிக் கடிதம். இரண்டு ஓலையையும் கேட்ட ஊர்க்காரர்களில் ஒருத்தருக்காவது என்னைக் கேட்க வேண்டும் என்று தோன்றியதா? உங்களுக்குத் தோன்றியது. 'மணப்பெண்ணை யாரும் கேட்கவில்லை' என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஆபீஸ் பார்க்கிங்கில் காரை நிறுத்திவிட்டு அழுதேன். யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன்.

எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டீர்கள். உங்களைப் பிடித்திருக்கிறது. கல்யாணத்துக்கு அது போதுமா என்று இன்னும் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னாலும் கோபப்படாத ஆளிடம்தான் இதை எழுத முடியும்.

ஈஸ்டருக்கு வருகிறேன். மூன்றாவது ஓலையை யாரும் தொடக்கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அந்த ரோட்டுக்குத் திரும்ப என்னைக் கூட்டிப் போங்கள். நான் முன்னால் போகிறேன், நீங்கள் பின்னால் வந்து ஜோவானா என்று கூப்பிடுங்கள். நான் திரும்புகிறேனா என்று பார்த்துவிட்டு, அப்புறம் பெண் கேளுங்கள்.

ஜோவானா